பட்டப்பகலில் வேலி விளக்கு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரண்டு ரேடியோக்கள் இருந்தன. ஒன்று எல்லாருக்கும் சொந்தம். ஆனால் அது பாடாது. இன்னொன்று நன்றாகப் பாடும். ஆனால் அது கிராணி வீட்டு ரேடியோ. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர்.

பாடாத ரேடியோவைக் கொடுத்தது அரசாங்கம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களுக்கு நடுவில் இருந்த கொட்டகையில், ஒரு பலகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரி என்றால் டார்ச்சு விளக்கில் போடுகிற குட்டிக் கட்டை இல்லை, நான்கு செங்கல்லைச் சேர்த்துக் கட்டிய கனம். முதல் பேட்டரி உயிரோடு இருந்த மாதங்களில் எங்கள் லயத்தில் சாயங்காலச் சண்டைகள்கூடக் குறைந்திருந்தன. பிறகு பாட்டு மெலிந்தது, செய்தி முனகலானது, ஒரு நாள் பெட்டி மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. புதுப் பேட்டரிக்கு பெர்மிட் வேண்டும் என்றார்கள். எழுதிப் போட்டார்கள். ஆறு மாதமாகியும் பெர்மிட் வரவில்லை.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். அவனை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். வெளியிலிருந்து அவர்கள் கைக்கு எதுவும் போய்ச் சேரக் கூடாது என்று எங்களையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். அரிசி, மருந்து, டின் பால், பேட்டரி, எல்லாமே கட்டுப்பாட்டுச் சாமான்கள். விடியற்காலையில் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிற பெண்களின் தூக்குச்சட்டியை வேலி வாசலில் திறந்து முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போக முடியாது. வேலிக்கு வெளியே, பால் மரங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்த முனியாண்டிக்கும் இதே சட்டம்தான். தேங்காய் பழம் கூடாது, பொங்கல் கூடாது. சூடமும் பூவும் கொண்டுபோகலாம். சுருட்டும் கறியும் சாப்பிட்டுப் பழகிய சாமி, அந்த வருடங்களில் சூடப்புகையை மட்டும் வாங்கிக்கொண்டு மீசையை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"முனியாண்டிக்கே ரேஷன் போட்டுட்டானுங்க, நாமல்லாம் எந்த மூலைக்குலா" என்பார் என் தாய்மாமா.

மாமாதான் தோட்டத்து இஞ்சின் ஓட்டுகிறவர். பால் கொண்டுவந்து ஊற்றுகிற ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அந்த இஞ்சின் இருந்தது. தினமும் மாலை ஆறரை மணிக்கு மாமா அதன் கைப்பிடியைச் சுற்றி, கெட்ட வார்த்தைகளில் நாலு திட்டி, உதைத்துக் கிளப்புவார். உடனே வேலி முழுவதும் விளக்குகள் எரியும். வேலிக்குப் போகிற அதே கம்பியில்தான் கிராணி வீட்டுக்கும் கரண்டு போனது. லயங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். ஆக, மாமா இஞ்சினைக் கிளப்பினால் வேலி எரியும், கிராணி வீட்டு ரேடியோ பாடும். வேலி எரியாமல் ரேடியோ மட்டும் பாட வழி கிடையாது. இந்த ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

வேலி விளக்குக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. விளக்கு எரிந்த நிமிடமே வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே வந்து சொன்னாலொழிய திறக்க மாட்டார்கள். இதை மூன்று பாஷைகளில் அழகான எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தவர் எங்கள் கிராணி. அவருக்குத் தன் கையெழுத்தின்மேல் ஒரு பெருமை உண்டு. வாசல் காவலுக்கு ஒரு மலாய் கோப்பரல் இருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்குப் பலாக்கொட்டை சுட்டுத் தருவார். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்குத் தாய் தகப்பன் கிடையாது. "லம்பு ஹிடுப், பிந்து துத்தோப்" என்பார். விளக்கு எரிந்தால் கதவு மூடும், அவ்வளவுதான்.

ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுகிற வண்டி. அன்றைக்கு அதில் பாட்டுப் பிடிக்கிற மிஷினும் இருந்தது. தோட்டத்து ஆட்கள் பாடினால் அதைப் பிடித்துக்கொண்டு போய் ரேடியோவில் போடுவார்களாம். கங்காணி ஒரு பஜனைப் பாட்டை ஆரம்பித்து இருமலில் முடித்தார். இரண்டு பேர் வெட்கப்பட்டு ஓடினார்கள். அப்போது, யாரும் கூப்பிடாமலேயே, என் அக்கா முன்னால் போய் நின்றாள்.

அக்காவுக்குப் பதினெட்டு வயது, அம்மாவோடு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். குரல் நல்ல குரல். முருகன்மேல் அவள் பாடுகிற பாட்டைக் கேட்டால் கிராணியின் மனைவி கிராணியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதைப் பாடித் தோட்டத்தின் மானத்தைக் காப்பாற்றுவாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பாடியதோ ஓட்டை வாளிப் பாட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது என் அண்ணன் கட்டிய பாட்டு. அவனுக்கும் அக்காவுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஒழுங்காகப் பேசிக்கொண்டதைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகம். ஒரு நாள் அக்கா ஓட்டை வாளியைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், வெட்டிய பாலையெல்லாம் வழி நெடுக ஒழுகவிட்டு வந்து நின்றாள். அவளைக் கேலி செய்ய அவன் அங்கேயே நின்று கட்டியது இது:

ஓட்ட வாளி, ஓட்ட வாளி, உனக்கெதுக்கு மூடி?
ஒழுகிப் போன பாலையெல்லாம் ஓடை குடிச்சாச்சு.
மரத்தையெல்லாம் எண்ணி எண்ணி மறந்து போன வாளி,
வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ, வேற வாளி வந்தாச்சு.

இதைக் கேட்டாலே அக்கா விளக்குமாற்றைத் தூக்குவாள். அப்படிப்பட்டவள் மிஷின் முன்னால் நின்று, யாரும் கேட்காமல், அதையே பாடினாள். பாடியதையும் ஒழுங்காகப் பாடவில்லை. கடைசி வரியை மாற்றிவிட்டாள். "வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா, வெயிலும் சாஞ்சாச்சு" என்று முடித்தாள்.

"தப்பாப் பாடிட்டக்கா" என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஒரு வாரம் சிவந்திருந்தது.

அண்ணன் அப்போது எங்களோடு இல்லை. முந்தின வருடமே சிங்கப்பூருக்குக் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நாளில் கிளம்பிவிட்டானாம். கடிதம் ஏன் வரவில்லை என்று நான் மாமாவைக் கேட்டேன். "கப்பல்ல வேல செய்றவனுக்குக் கடுதாசி எழுத நேரம் ஏதுலா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நியாயமான பதிலாகத்தான் பட்டது. எட்டு வயதில் எல்லாமே நியாயமாகத்தான் படும்.

பாட்டுப் பிடித்த ஆள் மிஷினை மூடிக்கொண்டே, இந்தப் பாட்டு வருகிற மாதம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி நிகழ்ச்சியில் வரும், ஒரே ஒரு தடவைதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தன் குரலை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. யார்தான் கேட்டிருந்தார்கள்? ஆனால் கொட்டகை ரேடியோவுக்குப் பேட்டரி இல்லை. கிராணி வீட்டு ரேடியோவுக்கு ஆறரை மணிவரை கரண்டு இல்லை. பாட்டு வருவதோ ஐந்து மணிக்கு. அக்கா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அதைவிட மோசம். கிராணி வீட்டுக்கும் இஞ்சின் கொட்டகைக்கும் நடுவில் நின்று அந்தக் கம்பியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பாட்டைக் கேட்க அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்களைத் திட்டுவதற்குத் தவிர அவள் எங்கள் பேரைச் சொல்வதே அபூர்வம்.

கடைசியில் மாமா தலையிட்டார். மாமா தலையிட்டால் காரியம் நடக்கும், ஆனால் நேராக நடக்காது.

"இஞ்சினுக்கு மாசத்துக்கு ஒரு டிரையல் போட்டுத்தான் ஆகணும்லா. அத எப்பப் போடுறதுன்னு எந்த ஆர்டர்லயும் இல்ல. சனிக்கிழம அஞ்சு மணிக்குப் போடுறேன்" என்றார்.

"லைட்டு எரியுமேடா" என்றார் அப்பா. அப்பா மண்டோர், ஆட்களை மேய்க்கிற வேலை பார்த்தவர், ஒரு நாளைக்கு ஐந்தாறு வாக்கியத்துக்குமேல் செலவழிக்க மாட்டார்.

"எரியட்டும் மச்சான். சனிக்கிழம ரெண்டு மணிக்கே எல்லாரும் வேலிக்குள்ள வந்துருவோம். கிராணி ஒருத்தர்தான் செரம்பானுக்குப் போவாரு, ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் திரும்புவாரு. பாட்டு மூணே நிமிஷம். முடிஞ்சதும் இஞ்சின அணைச்சிட்டா வாசலும் தொறந்துரும். யாருக்குத் தெரியப் போவுது?"

பிறகு கிராணியம்மாவைச் சரிக்கட்டப் போனார். நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் கிராணியம்மா, "எங்க ஐயாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமா.

கிராணியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லாரும் காலைக் கழுவிக்கொண்டு வர வேண்டும், ரேடியோவை யாரும் தொடக் கூடாது, இந்த இரண்டும்தான் அவர் போட்ட நிபந்தனைகள்.

அந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்கே கிராணி வீட்டு முற்றம் நிரம்பிவிட்டது. காலைக் கழுவிக் கழுவிப் படியெல்லாம் சேறாகிவிட்டது. ரேடியோ ஜன்னலோரம் மேசைமேல் இருந்தது. அதற்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமா வேலிப்பக்கமாக வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா எங்க? முனியாண்டிக்குச் சூடம் கொளுத்தப் போறேன்னு சொன்னாளே, வந்துட்டாளா? ஓடிப் போய்ப் பாத்துட்டு வா. அவ உள்ள வந்தாத்தான் நான் இஞ்சினத் தொடுவேன்."

இடம் போய்விடுமே என்று எனக்கு உயிர் போனது. பக்கத்து லயத்துப் பையன் ஏற்கெனவே பாதி இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பாதி தூரம் ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கொடி தெரியும். கொடியில் அக்காவின் பச்சைத் தாவணி காய்ந்துகொண்டிருந்தது. காலையில் அவள் கட்டியிருந்த தாவணி அது. தாவணி உள்ளே இருக்கும்போது ஆள் மட்டும் வெளியே எப்படி இருக்க முடியும்? திரும்பி ஓடிவந்து, "வந்துட்டா மாமா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனை இடித்துத் தள்ளி என் இடத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் இன்னொரு தாவணி இருந்தது எனக்கு நினைவில்லை.

மாமா இஞ்சினைக் கிளப்பினார். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்த தோட்டத்தைச் சுற்றி வேலி விளக்குகள் அத்தனையும் எரிந்தன. வெயிலில் விளக்கு எரிவதைப் பார்க்க ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. கோழிகள் குழம்பிப் போய்க் கூட்டுக்குள் போகலாமா வேண்டாமா என்று நின்றன. வாசல் பக்கம் கோப்பரல் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கதவை இழுத்து மூடிப் பூட்டினார்.

கிராணியம்மா ரேடியோவைத் திருகினார். அது உடனே பாடிவிடாது, சூடாக வேண்டும். முதலில் முகப்பில் மஞ்சள் வெளிச்சம் வந்தது, பிறகு 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், அப்புறம்தான் பேச்சு. செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வாசல் கிராணி வீட்டிலிருந்து ஒரு கல்லெறி தூரம். கம்பிக்கு அந்தப் பக்கம், கையில் பூக்கூடையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

மாமாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் ரேடியோவை உற்றுப் பார்த்தேன். அம்மா எழுந்து வாசலுக்கு ஓடினாள், பின்னால் பாதிக் கூட்டம் ஓடியது. கோப்பரலிடம் கெஞ்சினார்கள். அவருக்கும் அக்காவைத் தெரியும், பாட்டு விஷயமும் தெரியும். முகமெல்லாம் வருத்தம். "காசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம். ஆனால் கையை விரித்து விளக்கைக் காட்டினார். லம்பு ஹிடுப்.

"கொட்டக ரேடியோவா இருந்தா தலைல தூக்கிட்டு வந்து வேலியோரம் வச்சிருக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான். பேட்டரி ரேடியோவுக்குக் கால் உண்டு, கரண்டு ரேடியோவுக்குக் கட்டிப்போட்ட கயிறு உண்டு. கிராணி வீட்டு ரேடியோவைச் சுவரிலிருந்து ஒரு முழத்துக்குமேல் நகர்த்த முடியாது. இஞ்சினை அணைத்தால் அக்கா உள்ளே வந்துவிடுவாள், ஆனால் பாட்டு போய்விடும். அணைக்காவிட்டால் பாட்டு வரும், அக்கா வெளியே நிற்பாள்.

இதற்குள் இன்னொரு வினை வந்து சேர்ந்தது. ஒரு லாரி வாசலில் நின்றது. பக்கத்து ஊரான மந்தினில் இருந்த கடைக்குச் சாமான் ஏற்றிப் போகிற லாரி. அதிலிருந்து குடையும் பையுமாகக் கிராணி இறங்கினார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் லாரியில் தொற்றிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார்.

வெயிலில் எரியும் விளக்குகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பூட்டிய கதவைப் பார்த்தார். "யார் போட்டது லைட்டை? மணி என்ன இப்போ? கதவைத் திற!" என்றார்.

கோப்பரல் சல்யூட் அடித்தார். பிறகு, மரியாதையாக, வாசலில் தொங்கிய பலகையைக் காட்டினார். விளக்கு எரிந்தபின், துரை உத்தரவு இல்லாமல், யாருக்காகவும் கதவு திறக்கப்படமாட்டாது. கிராணியின் அழகான எழுத்து, மூன்று பாஷைகளிலும்.

"அடேய், அதை எழுதினதே நான்தான்டா!"

கோப்பரலுக்கு அவ்வளவு தமிழ் புரிந்ததா தெரியவில்லை. மறுபடியும் ஒரு சல்யூட் அடித்தார்.

கிராணி இஞ்சின் கொட்டகையைப் பார்த்துக் கூவினார். "அணைடா! இப்பவே அணை!" மாமாவுக்கு இஞ்சின் சத்தத்தில் எப்போதுமே காது மந்தம். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் மந்தமாகிவிட்டது. எண்ணெய்த் துணியால் இஞ்சினைத் துடைத்துக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். கிராணி ஒரு பையனைக் கூப்பிட்டு, ஓடிப் போய் இஞ்சினை அணைக்கச் சொல்லு என்றார். அந்தப் பையன் ஓடப் பார்த்தான். அப்பா அவன் தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான், பையன் நின்றுவிட்டான்.

மாமாவுக்கு வேலை போய்விடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எல்லாம் நான் சொன்ன ஒரு பொய்யால்தான் என்று எனக்குப் பட்டது.

அப்போது செய்தி முடிந்தது. கிராணியம்மா எழுந்தார். ரேடியோவை மேசையிலிருந்து தூக்கி, கம்பி போகிற மட்டும் இழுத்து, ஜன்னல் கட்டைமேல் வேலியைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வெளியே நின்று கூவிக்கொண்டிருந்த தன் புருஷனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

"இன்னும் கூட்டி வைங்கம்மா" என்று வாசலிலிருந்து அம்மா கத்தினாள். "இன்னும். முழுக்கத் திருப்பிருங்க."

ரேடியோ அலறியது. "அடுத்து, நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்திலிருந்து, பால் மரம் வெட்டும் பெண் ஒருவர் பாடுகிறார்" என்றது. தோட்டத்தின் பேரையும் சொல்லவில்லை, அக்காவின் பேரையும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதில் மனக்குறைதான். ஆனால் அடுத்த நொடி அக்காவின் குரல் வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

ஓட்ட வாளி, ஓட்ட வாளி, உனக்கெதுக்கு மூடி?

கைக்குழந்தைகள்கூட அழவில்லை. கிராணி வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். கூவுவதற்காகத் தூக்கிய குடையை மெல்ல இறக்கினார். அக்கா இரண்டு கையாலும் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் பார்த்துப் பிடித்திருந்தாள். நான் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன், அது சிரிப்புப் பாட்டுத்தானே. யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் ரேடியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முனியாண்டி கோயிலுக்கு அப்பால் இருந்த மலையைப் பார்த்தபடி நின்றார். மகள் ரேடியோவில் பாடும்போது இப்படி ஒரு தகப்பன் நிற்பாரா என்று எனக்குக் கோபமாக வந்தது.

வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா, வெயிலும் சாஞ்சாச்சு.

பாட்டு முடிந்தது. அக்கா அழுதாள். "மூக்கால பாடுறேன்" என்று சொல்லி அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் அதுதான் என்று நானும் நம்பிவிட்டேன். உண்மையிலேயே கொஞ்சம் மூக்கால்தான் பாடியிருந்தாள்.

மாமாவுக்குத் திடீரென்று காது கேட்டது. இஞ்சினை அணைத்தார், விளக்குகள் அணைந்தன. கோப்பரல் விளக்கைப் பார்த்தார், பூட்டைத் திறந்தார். அக்காவும் கிராணியும் உள்ளே வந்தார்கள். கிராணி நேராக இஞ்சின் கொட்டகைக்குப் போனார். நாங்கள் எல்லாரும் தூரத்தில் நின்று பார்த்தோம். ஏதோ பேசினார், கையை ஓங்கினார், மறுபடி பேசினார். நான் தாங்க முடியாமல் ஓடிப் போய், "நான்தான் அக்கா வந்துட்டான்னு பொய் சொன்னேன், மாமாவ ஒண்ணும் செய்யாதீங்க" என்று அழுதேன். கிராணி என்னைக் குனிந்து பார்த்தார்.

"உன் அக்கா நல்லாப் பாடினா" என்றார். பிறகு மாமாவிடம் திரும்பி, "எழுத வேண்டியதை நான் எழுதிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே" என்றார்.

என்ன எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், வேலி விளக்குகளும் வாசலும் சோதிக்கப்பட்டன, உயர் உத்தியோகஸ்தர் ஒருவரே வெளியே நின்று திறக்கச் சொல்லியும் காவலர் திறக்கவில்லை, திருப்தி. துரைக்கு ஏக மகிழ்ச்சி. கோப்பரலைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். மாதம் ஒரு முறை இப்படிச் சோதிக்கலாமே என்றும் சொன்னாராம். அது வேண்டாம் என்று கிராணிதான் தடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி மாமா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவருக்கு மீன் துண்டைப் பெரியதாகப் பார்த்துப் போட்டாள். போட்டுவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டா, காட்டுல இருக்கிறவங்ககிட்ட பேட்டரி இருக்குமா?"

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கும்க்கா. அதுக்குப் பயந்துதான நமக்குத் தர மாட்டேங்குறான்" என்றார்.

அம்மா சிரித்தாள். அண்ணன் சிங்கப்பூர் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கோ ஒன்றும் புரியவில்லை. ஆறு மாதமாக நம் கொட்டகை ரேடியோ வாயடைத்துக் கிடக்கிறது, பேட்டரியெல்லாம் காட்டுக்குப் போகிறது என்றால் கோபமல்லவா வர வேண்டும்? தவிரவும் அம்மா கேட்டிருக்க வேண்டியது சிங்கப்பூரில் இந்தப் பாட்டு கேட்குமா என்றுதானே? அதை நானே கேட்டேன். "கேட்கும்லா, அங்க வீட்டுக்கு வீடு கரண்டு" என்று மாமா சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த வருடம் அண்ணன் திரும்பி வந்தான். அவன் சிங்கப்பூரைக் கண்ணால்கூடப் பார்த்தவன் இல்லை, எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில்தான் துப்பாக்கிக்காரர்களோடு இருந்தான், கையைத் தூக்கிக்கொண்டு தானாக வெளியே வந்ததால் விசாரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிந்தது. தோட்டத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருந்தது. சிறுபிள்ளை வாயிலிருந்து ஒரு வார்த்தை வாசல்வரை போனாலும் குடும்பத்தையே இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று அத்தனை பேரும் சேர்ந்து சிங்கப்பூரைக் கட்டிக் காப்பாற்றினார்கள். கிராணியம்மா உட்பட. கிராணி உட்பட என்றும் இப்போது நினைக்கிறேன்.

வந்தவன் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களை இவ்வளவு மரியாதையாகக் கொண்டுவந்து விடுவார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தான். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு.

"கப்பல்ல அட்ட கடிக்குமாண்ணா?" என்று கேட்டேன்.

"பெரிய கப்பல்ல கடிக்கும்லா" என்றான்.

அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா எதிரில் உட்காராமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது, அவன் பழையபடி அவளைச் சீண்டுகிற குரலில் ஓட்டை வாளிப் பாட்டை முனகினான். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"வீட்டுக்கு வான்னு நான் கட்டலையே. யாரு மாத்துனது?"

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்காதான் தப்பாப் பாடுச்சு. நான் அப்பவே சொன்னேன். ரேடியோல வந்துச்சே, நீ கேட்டியா?"

"கேட்டேன். பேட்டரி சாகுற நெலமையில இருந்துச்சு. நாலு பேரு மழையில தார்ப்பாய் புடிச்சிக்கிட்டு, மூச்சு விடாமக் கேட்டோம். கடைசி வரி வந்ததும் பேட்டரி செத்துப்போச்சு."

எனக்கு அவன்மேல் பெரிய இரக்கமாகப் போய்விட்டது. சிங்கப்பூரிலும் கரண்டு இல்லாத, கூரை ஒழுகுகிற வீடுகள் இருக்கின்றன என்பது பாவம் மாமாவுக்குத் தெரியவில்லை.